சூப்பர் பவுலில் மறக்க முடியாத பிளே எது? (இந்த முறை ஒரு நிபந்தனையோடு)

#1 ஒரேயார்டு

ஒவ்வொரு பிப்ரவரியிலும், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஒட்டி இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே ஐந்து காட்சிகள்தான் பதில்: டைரீ ஹெல்மெட்டில் ஒட்டிப் பிடித்தது, பட்லரின் இன்டர்செப்ஷன் (எதிரணியின் பாஸைப் பறிப்பது), எடல்மன், ஃபிலி ஸ்பெஷல் என்ற தந்திர பிளே, மூலையில் ஹோம்ஸ் கால்விரலை ஊன்றியது. எல்லாம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் யூடியூப் தொகுப்பில் வருவதையே திரும்பச் சொல்ல நாம் எதற்கு?

அதனால் நிபந்தனை. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற பிளேயைச் சொல்லுங்கள். கூடவே, அந்த ஆட்டம் உண்மையில் எங்கே கைமாறியது என்றும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே இடமாக இருப்பது அபூர்வம் என்பது என் கட்சி.

நானே ஆரம்பிக்கிறேன். 51-வது சூப்பர் பவுல், ஹூஸ்டன், 2017 பிப்ரவரி 5. மூன்றாவது குவார்ட்டரில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3. கடைசியில் ஓவர்டைமில் 34-28 என்று பேட்ரியாட்ஸ் ஜெயித்தது ஊரறிந்த கதை. எல்லோரும் காட்டுவது எடல்மன் பிடித்ததை. அட்லாண்டாவின் ஆல்ஃபர்ட் தட்டிவிட்ட பந்து மூன்று பேரின் கைகால்களுக்கு நடுவே விழப்போகிறது. புல்லைத் தொடுவதற்கு முன் எடல்மன் பிடித்து, நழுவவிட்டு, மறுபடி பிடிக்கிறார். 23 யார்டு. முதல் பாதியில் பேட்ரியாட்ஸின் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசுகிறவர்) பிரேடியின் பாஸைப் பறித்து 82 யார்டு ஓடி டச் டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, 6 புள்ளி) போட்டவரும் இதே ஆல்ஃபர்ட்தான்.

ஆனால் அப்படி ஒரு பிடிக்குத் தேவையே வந்திருக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கோர் 28-20, மீதம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டோரம் தாவி ஒரு பந்தைப் பிடித்தார், இரண்டு காலும் உள்ளே. அந்த நாளின் அழகான பிடி அதுதான், எடல்மனுடையது அல்ல. பந்து இப்போது பேட்ரியாட்ஸின் 22 யார்டு கோட்டில். அங்கிருந்து மூன்று முறை பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே விழுந்திருந்தாலும் சுமார் 40 யார்டு ஃபீல்டு கோல்தான் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) மிச்சம். உதைக்கிற மேட் பிரையன்ட்டுக்கு அது தண்ணி பட்ட பாடு. 31-20 ஆகியிருந்தால் பிரேடிக்கு இரண்டு ஸ்கோர் வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள்? ஓட்டத்தில் ஒரு யார்டு நஷ்டம். அடுத்து பாஸ் போடப் பின்வாங்கி ட்ரே ஃபிளவர்ஸிடம் சாக் (பாஸ் போடுமுன் வீழ்த்தப்படுவது), 12 யார்டு நஷ்டம். அப்புறம் எதிரணி ஆளைப் பிடித்து நிறுத்தியதற்கு ஹோல்டிங் பெனால்டி, இன்னும் 10 யார்டு. ஃபீல்டு கோல் தூரத்தை விட்டே வெளியே வந்து பண்ட் அடித்து, அதாவது பந்தை எதிரணிக்கே உதைத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்த ஆட்டம் என்றால் இந்தச் சறுக்கல்தான் ஞாபகம் வரும். சரி, நீங்கள் சொல்லுங்கள்.

#2 சியாட்டில் தூறல்

49-வது. பந்தோடு ஓடுகிற எங்கள் லிஞ்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

#3 பாஸ்டன் பாண்டி

தூறல் அண்ணே, நீங்கள் எழுத வேண்டாம், நான் எழுதுகிறேன். எனக்குச் சலிக்காத விஷயம் இது ஒன்றுதான்.

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல். நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது சியாட்டில் சீஹாக்ஸ் 24, பேட்ரியாட்ஸ் 14. அந்த டிஃபென்ஸ் அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதை எதிர்த்து பிரேடி இரண்டு டச் டவுன் போட்டு 28-24 ஆக்கினார். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அது இருக்கட்டும்.

கடைசி நிமிடங்கள். சியாட்டில் குவார்ட்டர்பேக் வில்சன் நீளமாக வீசிய பந்தை எங்கள் பட்லர் தட்டிவிடுகிறார். கீழே விழுந்துகிடந்த சியாட்டிலின் கியர்ஸின் காலில் பட்டு, கையில் பட்டு, பந்து மறுபடி கியர்ஸிடமே போய்ச் சேர்கிறது. 33 யார்டு! எழுந்து ஓடப் பார்த்தவரை எல்லைக்கு வெளியே தள்ளியதும் பட்லர்தான். பந்து 5 யார்டு கோட்டில். ஏழு வருஷத்துக்கு முன் இதே மைதானத்தில் ஜயன்ட்ஸின் டைரீ எங்களுக்குச் செய்தது திரும்ப நடக்கிறது என்றே நினைத்தேன். அடுத்த பிளேயில் லிஞ்ச் 4 யார்டு ஓடி ஒரு யார்டு கோட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஹைடவர் மட்டும் காலைப் பிடித்து இழுக்காவிட்டால் அதுவே டச் டவுன். என் கணக்கில் ஆட்டத்தைக் காப்பாற்றியது அந்த இழுப்பு. இரண்டு வருஷம் கழித்து அட்லாண்டாவின் ரையனிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டு 28-12-லிருந்து எங்களைக் கிளப்பிவிட்டதும் இதே ஹைடவர். எந்தத் தொகுப்பு வீடியோவிலாவது அவருக்கு ஐந்து விநாடி கொடுக்கிறார்களா?

அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். மால்கம் பட்லர், டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எந்த அணியும் எடுக்காத பையன், வெஸ்ட் அலபாமா என்ற சின்னக் கல்லூரி, ஒரு காலத்தில் பப்பாய்ஸ் கடையில் கோழி பொரித்தவர். சியாட்டிலின் லாக்கெட்டுக்குப் போன பந்தில் முன்னே பாய்ந்து பறித்தார். மீதம் 20 விநாடி.

#4 புதுசு

அண்ணன்மாரே, நான் இரண்டு வருஷமாகத்தான் பார்க்கிறேன். ஒரு யார்டுதானே பாக்கி? லிஞ்ச் மாதிரி ஒரு மலை கையில் இருக்கும்போது யாராவது பாஸ் போடுவார்களா? கோச் பீட் கேரலுக்கு என்ன ஆச்சு அன்றைக்கு?

#5 ஒரேயார்டு

புதுசு தம்பி, இதற்காகவே என் பெயரை இப்படி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

கடிகாரத்தைப் பார். இரண்டாவது டவுன் (10 யார்டு போக அல்லது கோட்டைத் தாண்ட நாலு முயற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), 26 விநாடி, சியாட்டில் கையில் ஒரே ஒரு டைம்-அவுட். ஓடி, கோட்டுக்கு முன்னால் மடக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது. டைம்-அவுட் எடுத்தாக வேண்டும். மூன்றாவது டவுனிலும் ஓடி மடக்கப்பட்டால் நாலாவதுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்துவதற்குள் நேரம் போய்விடும். மாறாக, நடுவில் ஒரு பாஸ் போட்டு அது யார் கையிலும் சிக்காமல் விழுந்தால் கடிகாரம் தானாக நிற்கும். மூன்று முயற்சிகளும் கிடைக்கும். ஆக, மூன்றில் ஒன்று பாஸாக இருந்தே ஆக வேண்டும். முதலிலேயே போட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பாஸுக்கு ஏற்றபடி சியாட்டில் பந்தைப் பிடிக்கிற ரிசீவர்கள் மூன்று பேரை இறக்கியிருந்தது. பேட்ரியாட்ஸ் முன்வரிசையில் ஓட்டத்தை நிறுத்தும் தடிமன்களை நிறுத்திவிட்டு, பின்னால் பாஸைத் தடுக்கிற கார்னர்கள் மூன்று பேரை அனுப்பியது. அந்த மூன்றாவது ஆள்தான் பட்லர். அந்த சீசனில் ஒரு யார்டு கோட்டிலிருந்து லிஞ்ச் ஓடியது ஐந்து முறை, டச் டவுன் ஆனது ஒரு முறை. அதே சீசனில் லீக் முழுக்க ஒரு யார்டு கோட்டிலிருந்து வீசப்பட்ட பாஸ்களில் அதுவரை ஒன்றுகூட இன்டர்செப்ஷன் ஆகவில்லை. கேரலைப் பைத்தியக்காரன் என்று சொல்வது ரொம்பச் சுலபம்.

பாண்டி சொன்ன ஹைடவர் இழுப்பை நானும் ஒத்துக்கொள்கிறேன். அதோடு பேட்ரியாட்ஸ் கோச் பெலிசெக் டைம்-அவுட் எடுக்காமல் நின்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் பக்கம் நேரம் கரைகிறது, எடுத்திருந்தால் பிரேடிக்குக் கொஞ்சம் விநாடி மிஞ்சியிருக்கும். எடுக்கவில்லை. எதிரணியை யோசிக்கவிடாமல் கடிகாரத்தை ஓடவிட்டார். அது துணிச்சலா குருட்டு அதிர்ஷ்டமா என்று இன்னும் எனக்குள் சண்டை ஓடுகிறது.

#6 சியாட்டில் தூறல்

கணக்கெல்லாம் சரிதான். பாஸ் போடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பாஸ்? பத்துப் பேர் அடைத்துக்கொண்டு நிற்கிற நடுப்பகுதிக்குள் ஏன் வீச வேண்டும்? வில்சன் ஓடத் தெரிந்தவர். பக்கவாட்டில் ஓடவிட்டு, ஆள் கிடைத்தால் போடு, இல்லாவிட்டால் ரசிகர்கள் மேல் தூக்கி எறி என்று சொல்லியிருக்கலாம். அதிலும் கடிகாரம் நின்றிருக்கும். பிளேயில் கியர்ஸின் வேலை பிரவுனரைப் பின்னே தள்ளி லாக்கெட்டுக்கு வழிவிடுவது. பிரவுனர் முந்தின வருஷம்வரை எங்கள் ஆள், எங்கள் வித்தை அவருக்குத் தெரியும். அசையவே இல்லை. பட்லருக்கு ராஜபாட்டை திறந்துகொண்டது.

இன்னொரு சோகத்தை யாரும் சொல்வதில்லை. பந்து பறிபோன பிறகும் பேட்ரியாட்ஸ் தங்கள் சொந்த ஒரு யார்டு கோட்டில்தான் இருந்தார்கள். பிரேடியால் சும்மா முட்டி போட முடியாது, போட்டால் சேஃப்டி (சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு மாட்டினால் எதிரணிக்கு 2 புள்ளி). ஏதாவது நடக்கலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் பென்னட், பிளே தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டார். ஐந்து யார்டு பரிசு. கதை முடிந்தது.

#7 ஜெர்சிக்காரி

பாண்டி, நீங்களே டைரீ பெயரை எடுத்துவிட்டீர்கள், இனி என்னைத் தடுக்கக் கூடாது.

42-வது சூப்பர் பவுல், 2008 பிப்ரவரி 3. பேட்ரியாட்ஸ் 18-0. சீசனின் கடைசி வாரத்தில் எங்கள் நியூயார்க் ஜயன்ட்ஸையும் 38-35 என்று அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றபோதே எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். இவர்களை வீழ்த்த முடியாவிட்டாலும் நெருங்க முடிகிறதே என்று.

ஹெல்மெட் பிடி எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது டவுன், 5 யார்டு வேண்டும். எங்கள் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கின் சட்டை இரண்டு பேர் கையில். எப்படியோ உருவிக்கொண்டு வெளியே வந்து மைதானத்தின் நடுவில் ஒரு வீச்சு. டைரீ தாவி, ஒரு கை நழுவ, பந்தை ஹெல்மெட்டோடு அழுத்திக்கொண்டு, முதுகில் தொங்கும் ராட்னி ஹாரிசனோடு சேர்ந்து விழுகிறார். 32 யார்டு. டைரீ அந்த சீசன் முழுக்கப் பிடித்த பந்துகள் நாலே நாலு! இதற்குப் பிறகு என்எஃப்எல் ஆட்டங்களில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். இதே டிரைவில் (பந்து ஒரு அணியின் கையில் தொடர்ந்து இருக்கும் பிளேக்கள்) என்னென்ன நடந்தது என்று பாருங்கள். நாலாவது டவுன், ஒரு யார்டு. ஜேக்கப்ஸ் முட்டி மோதி எடுத்தார். எடுக்காவிட்டால் அங்கேயே முற்றும். டைரீ பிடிப்பதற்குச் சரியாக முந்தின பிளேயில் ஈலை வீசிய பந்து பேட்ரியாட்ஸின் அசாண்டே சாமுவேலின் விரல்களில் பட்டு நழுவிப்போனது. பிடித்திருந்தால் 19-0. டைரீக்கு அப்புறம் மூன்றாவது டவுன், 11 யார்டு. ஸ்டீவ் ஸ்மித் 12 யார்டுக்குப் பிடித்து வெளியே கால்வைத்தார். அந்த ஸ்மித்தை ஜயன்ட்ஸ் ரசிகர்களைத் தவிர யாராவது நினைக்கிறார்களா? அடுத்த பிளேயில் பர்ரெஸ் 13 யார்டு டச் டவுன். மீதம் 35 விநாடி. 17-14.

இதையெல்லாம் தாண்டி என் ஓட்டு எங்கள் முன்வரிசைக்கு. அந்த சீசனில் 589 புள்ளி குவித்த அணியை 14-க்குள் நிறுத்தினார்கள். டக்கும் ஸ்ட்ரஹானும் மற்றவர்களும் சேர்ந்து பிரேடியை ஐந்து முறை வீழ்த்தினார்கள். ஒரு பிளேயைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. மூன்று மணி நேரம் நிதானமாக ஒரு மனிதனை அடித்துத் துவைத்ததை எந்தத் தொகுப்பில் காட்டுவது?

#8 பாஸ்டன் பாண்டி

சாமுவேல் பெயரைத் தட்டச்சு செய்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாம் அக்கா.

#9 பஃபலோ பரிதாபி

எல்லோரும் ஒரு வருஷத் துக்கத்தைப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வரிசையாக நாலு வருஷம். 25, 26, 27, 28-வது சூப்பர் பவுல், நாலிலும் எங்கள் பஃபலோ பில்ஸ் தோற்றது.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது முதலாவது. டாம்பா, 1991 ஜனவரி 27, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். விட்னி ஹூஸ்டன் தேசிய கீதம் பாடிய அதே ஆட்டம். ஜயன்ட்ஸ் 20, பில்ஸ் 19. மீதம் எட்டு விநாடி. எங்கள் ஸ்காட் நார்வுட் 47 யார்டு ஃபீல்டு கோலுக்கு உதைத்தார். வலப்பக்கம் விலகிப்போனது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதரின் பெயரோடு அந்த ஒரு உதையை ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒரேயார்டு கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஆட்டத்தில் பந்து ஜயன்ட்ஸ் கையில் இருந்த நேரம் 40 நிமிடம் 33 விநாடி. எங்களுக்கு 20 நிமிடம்கூட இல்லை. ஹடுல் கூட்டாமலே (கூடி நின்று அடுத்த பிளேயைப் பேசாமலே) அடுத்தடுத்து ஓடுகிற எங்கள் ஆட்டத்துக்கு எதிராக ஜயன்ட்ஸ் டிஃபென்ஸ் கோச் ஒரு திட்டம் போட்டார்: முன்னால் ஆட்களைக் குறைத்து வை, தர்மன் தாமஸ் ஓடட்டும், குவார்ட்டர்பேக் கெல்லி பாஸ் போடுவதை மட்டும் தடு, பிடிக்கிறவனைப் பிடித்த இடத்திலேயே சாத்து. தாமஸ் 135 யார்டு ஓடினார், தோற்றது நாங்கள்தான். அந்தக் கோச் யார் தெரியுமா? பாண்டியின் குலதெய்வம் பெலிசெக். அந்தத் திட்டக் குறிப்பு இப்போது ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது.

எனக்கு உறுத்துகிற பிளே இரண்டாவது குவார்ட்டரில். 10-3 என்று நாங்கள் முன்னிலை. ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஹாஸ்டெட்லர், காயம்பட்ட சிம்ஸுக்குப் பதிலாக வந்தவர், தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே (கோட்டுக்குப் பின்னாலுள்ள பகுதி) மாட்டிக்கொண்டார். எங்கள் புரூஸ் ஸ்மித் அவர் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டார். பந்து மட்டும் கீழே விழுந்திருந்தால் மேலே படுத்தால் போதும், டச் டவுன். ஹாஸ்டெட்லர் விடவில்லை. சேஃப்டி, இரண்டே புள்ளி. 17-3 ஆக வேண்டியது 12-3 ஆனது. தோற்றது ஒரு புள்ளியில்.

மூன்றாவது குவார்ட்டரில் இன்னொன்று. மூன்றாவது டவுன், 13 யார்டு வேண்டும். மார்க் இங்ரம் குட்டையாக ஒரு பாஸ் பிடித்து, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக மேலே விழ விழ உதறிவிட்டு 14 யார்டு போனார். (பின்னாளில் ரன்னிங் பேக்காக வந்தவரின் அப்பா.) ஒன்பதரை நிமிடம் ஓடிய அந்த டிரைவ் டச் டவுனில் முடிந்தது. அந்த டாக்கிளைச் சரியாகச் செய்திருந்தால் நார்வுட் ஓய்வாக உட்கார்ந்திருப்பார்.

அடுத்த நாள் பஃபலோவில் ஊரே திரண்டு நார்வுட் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டது. அவர் வந்து நின்று பேசினார். எங்கள் ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த நாளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

#10 விடிகாலை சென்னை

இங்கே திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும். ஹாஃப் டைம் முடிவதற்குள் ஆபீஸ் பஸ் வந்துவிடும். அதனால் எனக்கு முதல் பாதி பிளேக்கள்தான் நேரடி அனுபவம், மீதியெல்லாம் பஸ்ஸில் போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஆனால் ஒரேயார்டு சாரின் நிபந்தனையே எனக்கு ஒத்துவரவில்லை. நினைவில் நிற்க ஒரு பிளே ஆட்டத்தை மாற்ற வேண்டுமா என்ன? பரிதாபி சாரின் மூன்றாவது தோல்வியை எடுங்கள். 1993, பாசடீனா, டல்லாஸ் கவ்பாய்ஸ் 52, பில்ஸ் 17. ஆட்டம் எப்போதோ செத்துவிட்டது. லியான் லெட் கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு 60 யார்டுக்கு மேல் ஓடி, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்து, பந்தை ஒரு கையில் நீட்டிக் கொண்டாடுகிறார். பின்னாலிருந்து டான் பீபி என்ற பில்ஸ் ரிசீவர் ஓடோடி வந்து பந்தைத் தட்டிவிடுகிறார். டச் டவுன் போச்சு. அது மட்டும் கிடைத்திருந்தால் டல்லாஸ் 59, சூப்பர் பவுல் சாதனையே ஆகியிருக்கும். 49ers போட்ட 55-தான் இன்றும் நிற்கிறது.

ஸ்கோரில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 35 புள்ளி பின்தங்கியவன் எதற்காக அப்படி ஓடினான்? எனக்குப் பிடித்த சூப்பர் பவுல் பிளே அதுதான்.

#11 பஃபலோ பரிதாபி

சென்னைத் தம்பிக்கு என் செலவில் ஒரு தட்டு விங்ஸ்.

#12 பழைய பேப்பர்

சூப்பர் பவுல் என்ற ஒன்று வந்தது 1967-ல். அதற்கு முன்னாலும் சாம்பியன்ஷிப் உண்டு என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன். டிசம்பர் 28, 1958, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். பால்டிமோர் கோல்ட்ஸ், ஜயன்ட்ஸ். முழு நேரம் முடியும்போது 17-17. பிளேஆஃப் ஆட்டம் ஒன்று ஓவர்டைமுக்குப் போனது அதுவே முதல் தடவை. என்ன செய்வது என்று சில வீரர்களுக்கே தெரியவில்லை. ஆலன் அமீச்சி ஒரு யார்டு ஓடிப் புகுந்து 23-17. குனிந்த தலையோடு திறந்த வழியில் அவர் விழும் படத்தைத்தான் எல்லோரும் போடுவார்கள்.

நிபந்தனைப்படி பார்த்தால், ஆட்டம் திரும்பியது அதற்கு வெகு முன்னால். 17-14 என்று ஜயன்ட்ஸ் முன்னிலை, இன்னும் ஒரு முதல் டவுன் எடுத்தால் கடிகாரத்தையே கரைத்துவிடலாம். மூன்றாவது டவுன், 4 யார்டு, ஃபிராங்க் கிஃபர்ட் ஓடினார். கூட்டமாக விழுந்ததில் கோல்ட்ஸின் ஜீனோ மார்செட்டிக்குக் கணுக்கால் முறிந்தது. வலியில் அவர் அலறல், அவரைத் தூக்கும் களேபரம். அதற்கப்புறம் பந்தை வைத்தபோது முதல் டவுனுக்குக் கொஞ்சம் குறைந்தது. எடுத்துவிட்டேன் என்று கிஃபர்ட் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜயன்ட்ஸ் பண்ட் அடித்தது. கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் யூனைட்டஸ், ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்துப் பாஸ் போட்டு மைதானத்தைக் கடந்தார், ஏழு விநாடி இருக்கும்போது மைரா ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தார். இன்று எல்லா அணியும் பயிற்சி செய்கிற இரண்டு நிமிட டிரைவை அன்று நாடே டிவியில் பார்த்தது. மார்செட்டி ஸ்ட்ரெச்சரை எல்லைக்கோட்டோரம் வைக்கச் சொல்லி அங்கிருந்தே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1967 டிசம்பர் 31, கிரீன் பே, லாம்போ ஃபீல்டு, என்எஃப்எல் சாம்பியன்ஷிப் ஆட்டம். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் போட்டிருந்த சூடேற்றும் அமைப்பு வேலை செய்யவில்லை, புல் கல்லாக இறுகிவிட்டது. நடுவரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டதால் அப்புறம் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். 16 விநாடி, டைம்-அவுட் ஒன்றும் பாக்கி இல்லை, டல்லாஸ் 17-14 முன்னிலை. ஃபீல்டு கோல் அடித்தால் சமன். கிரீன் பே குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு முன்வரிசைக்காரர் கிரேமருக்குப் பின்னால் புகுந்து டச் டவுன் போட்டார். ஸ்டார் தன் கையில் கொடுக்கப்போகிறார் என்று நம்பி ஓடிவந்த ரன்னிங் பேக்குக்கே விஷயம் தெரியாது. மடக்கப்பட்டிருந்தால் நேரம் முடிந்திருக்கும், ஆட்டமும் போயிருக்கும். இந்த ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற பிளேயும் முடிவு செய்த பிளேயும் ஒன்றுதான். ஒரேயார்டு தம்பி, உம்முடைய கட்சிக்கு எதிராக ஒரு சாட்சி.

#13 ஒரேயார்டு

ஐயா, அபூர்வம் என்றுதானே சொன்னேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லையே. 🙂 கிஃபர்ட் விஷயம் பிரமாதம்.

#14 பாஸ்டன் பாண்டி

யாரும் 53-வதைச் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன். பேட்ரியாட்ஸ் 13, ராம்ஸ் 3. மறக்க முடியாத பிளே: ராம்ஸின் ஹெக்கர் அடித்த 65 யார்டு பண்ட். சூப்பர் பவுல் சாதனை. ஜெயித்தவன் நானே தூங்கிப்போனேன்.

#15 மில்பிடாஸ் மணி

49ers ரசிகனாகக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் அழுகை.

பெருமை: 23-வது, மயாமி, 1989 ஜனவரி 22. சின்சினாட்டி பெங்கால்ஸ் 16-13 முன்னிலை. சொந்த 8 யார்டு கோட்டில் பந்து, 3 நிமிடம் 10 விநாடி. ஹடுலில் எல்லோருக்கும் வயிறு கலங்கிக்கொண்டிருக்கும்போது எங்கள் குவார்ட்டர்பேக் மான்டானா, சக வீரர் ஹாரிஸ் பார்ட்டனிடம், அதோ கூட்டத்தில் நிற்பது நடிகர் ஜான் கேண்டிதானே என்று கேட்டாராம். 92 யார்டு. 34 விநாடி இருக்கும்போது ஜான் டெய்லருக்கு டச் டவுன். 20-16. எங்கள் வீட்டில் இது புராணம்.

நிபந்தனைப்படி சொன்னால், நாலாவது குவார்ட்டரின் ஆரம்பம். பெங்கால்ஸ் 13-6 முன்னிலை. மான்டானா எண்ட் ஸோனுக்குள் வீசிய பந்து பெங்கால்ஸின் லூயிஸ் பில்லப்ஸ் கைக்கே நேராகப் போனது. நழுவவிட்டார். அடுத்த பிளே, ரைஸுக்கு 14 யார்டு டச் டவுன், 13-13. பில்லப்ஸ் பிடித்திருந்தால் ஜான் கேண்டி கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நார்வுட்டைத் திட்டுகிறவர்கள் பில்லப்ஸை மறந்தது எப்படி என்று பரிதாபி சாரைத்தான் கேட்க வேண்டும்.

அழுகை: 58-வது, லாஸ் வேகஸ், 2024 பிப்ரவரி 11. ஓவர்டைமில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 25-22. ஹார்ட்மன் தனியாக நின்று பிடித்த 3 யார்டு டச் டவுனைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிவது மூன்றாவது குவார்ட்டரில். 10-6 என்று முன்னிலை. சீஃப்ஸ் பண்ட் அடிக்கிறார்கள், பந்து எங்கள் லூட்டரின் காலில் பட்டுவிட்டது. மெக்கிளவுட் பாய்ந்தும் கைக்கு வரவில்லை. சீஃப்ஸ் எடுத்துக்கொண்டு அடுத்த பிளேயிலேயே டச் டவுன். அப்புறம் நாங்கள் 16-13 ஆக்கியபோது டச் டவுனுக்குப் பிறகு அடிக்கிற கூடுதல் புள்ளி உதை தடுக்கப்பட்டது. அந்த ஒரு புள்ளி இருந்திருந்தால் 19-19 என்று ஓவர்டைமே வந்திருக்காது.

#16 புதுசு

மணி அண்ணா, ஓவர்டைமில் டாஸ் ஜெயித்து 49ers முதலில் பந்தை வாங்கியதைத்தானே எல்லோரும் திட்டுகிறார்கள்? அது தப்பா?

#17 மில்பிடாஸ் மணி

புது விதிப்படி முதல் அணி டச் டவுன் போட்டாலும் இரண்டாவது அணிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டும் சமமானால் அதற்கப்புறம் முதலில் ஸ்கோர் செய்கிறவர் ஜெயித்தார். அந்த மூன்றாவது வாய்ப்பு நம் கையில் இருக்கட்டும் என்பது எங்கள் கோச் ஷனஹானின் கணக்கு. காகிதத்தில் சரிதான். எங்கள் வீரர்கள் சிலருக்கே புது விதி தெரியாது என்று பிறகு வெளிவந்ததுதான் கொடுமை.

#18 ஒரேயார்டு

காகிதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவதாக வருகிறவனுக்குத் தனக்கு என்ன தேவை என்று தெரியும். 49ers ஃபீல்டு கோலில் நின்றதும் சீஃப்ஸுக்கு மூன்று டவுன் இல்லை, நாலு டவுன். நாலாவது டவுன், ஒரு யார்டு என்று வந்தபோது சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் யோசிக்கவே வேண்டியதில்லை, தானே 8 யார்டு ஓடினார். முதலில் ஆடியிருந்தால் தன் பாதி மைதானத்தில் அந்த இடத்தில் பண்ட் அடித்திருக்கவும் கூடும். என் ஓட்டு அந்த ஓட்டத்துக்கு. ஹார்ட்மன் டச் டவுன் அதற்குப் பின்னால் வந்த கையெழுத்து.

51-ல் இந்த விதி இல்லை. ஜேம்ஸ் வைட் டச் டவுன் போட்டதோடு முடிந்தது; அந்த வருஷத்தின் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்), அட்லாண்டாவின் மேட் ரையன் ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை.

#19 பஃபலோ பரிதாபி

விதி எப்போது மாறியது என்பதையும் சொல்லிவிடுங்கள். அட்லாண்டாவுக்காக மாற்றவில்லை. 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் 13 விநாடி மீதம் இருக்கும்போது நாங்கள் முன்னிலையில் இருந்தோம். அவர்கள் சமன் செய்து, டாஸ் ஜெயித்து, 42-36 என்று முடித்தார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் பிளேஆஃபுக்கு விதியை மாற்றினார்கள். மாற்றிய விதியை வைத்து சூப்பர் பவுலில் முதலில் பலன் பெற்றது யார்? அதே சீஃப்ஸ்!

மணி தம்பி, பில்லப்ஸ் கேள்விக்கு வருகிறேன். பில்லப்ஸ் நழுவவிட்டபோது ஆட்டத்தில் இன்னும் பதினாலு நிமிடம் இருந்தது. நார்வுட் உதைத்தபோது எட்டு விநாடி. அதற்கு மேல் வேறு காரணம் கிடையாது.